மெகலோடான் எவ்வளவு பெரிய சுறா? நம் கடல் சுறாக்களை வைத்து ஒரு பதில்

குளச்சலைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: "மெகலோடான் சுறா 50 அடி என்கிறார்கள், 80 அடி என்கிறார்கள். ஒவ்வொரு வீடியோவிலும் ஒவ்வொரு அளவு. இப்போது இருக்கும் சுறாக்களோடு ஒப்பிட்டால் அது உண்மையில் எவ்வளவு பெரியது? கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் மீன்பிடித் திட்டுப் பக்கம் தூண்டில் போட்ட காலத்தில், படகின் நீளத்துக்கு ஒரு சுறாவைப் பார்த்ததாக எங்கள் அப்பா சொல்வார். அது இதுவாக இருக்குமா?" அளவைத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் வீடியோவுக்கு வீடியோ அளவு ஏன் மாறுகிறது, எதை நம்புவது என்பதுதான் அவருடைய உண்மையான சந்தேகம் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் மீன்வளம் படித்தவன். தேங்காய்ப்பட்டணம், குளச்சல், சின்னமுட்டம், கொச்சி என்று துறைமுகங்களில் கரைக்கு வரும் சுறாக்களை இனம் பிரித்து அளந்து எழுதும் வேலையில் பல வருடம் இருந்தேன். புதைபடிவம் என் துறை அல்ல. அதைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் அந்தத் துறையினர் எழுதியதைப் படித்து அறிந்தது. சுறாவின் உடம்பைப் பற்றிச் சொல்வது நேரில் கண்டது.

சந்தேகமே இல்லாத விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மெகலோடான் இன்று உயிரோடு இல்லை. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து அது உலகக் கடல்களில் பரவி வாழ்ந்தது. அதன் பற்கள் கடைசியாகக் கிடைக்கும் படிவுகளின் வயது ஏறக்குறைய 36 லட்சம் ஆண்டுகள். முன்பு 26 லட்சம் என்று கணக்கிட்டிருந்தார்கள். கலிஃபோர்னியாக் கரையோரப் படிவுகளை மறுபடி ஆராய்ந்து 2019இல் அந்தக் கணக்கைப் பின்னுக்குத் தள்ளினார்கள். எந்த லட்சத்தில் அழிந்தது என்பதில் இன்னும் வாதம் நடக்கலாம். அழிந்துவிட்டது என்பதில் வாதம் கிடையாது. சுறாவுக்கு நம்மைப் போல ஒருமுறை விழுந்து ஒருமுறை முளைக்கும் பல் இல்லை. முன்வரிசைப் பல் விழ விழ, பின்னாலிருந்து அடுத்த வரிசை முன்னே நகர்ந்து வந்துகொண்டே இருக்கும். ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கிறது. உள்ளங்கையளவு பல்லை இப்படி உதிர்க்கும் மீன் இன்றும் எங்காவது உலவினால், புதிய வெள்ளைப் பல் ஒன்றாவது இழுவலையில் ஏறியிருக்கும். இதுவரை ஏறவில்லை.

"ஆழ்கடலில் ஒளிந்திருக்கலாமே" என்பவர்கள் இரண்டு ஆதாரம் காட்டுவார்கள். ஒன்று, 1870களில் சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் பசிபிக் அடித்தரையிலிருந்து வாரி எடுத்த மெகலோடான் பற்கள். அவற்றின் மேல் படிந்திருந்த மாங்கனீசு உறையின் தடிமனை வைத்து, அவை ஏறக்குறைய 11,000 முதல் 24,000 ஆண்டுகளே பழையவை என்று 1959இல் ஒருவர் கணக்குப் போட்டார். மாங்கனீசு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் படிவதில்லை என்பதால் அந்தக் கணக்கை இன்று யாரும் ஏற்பதில்லை. இரண்டாவது, பெருவாய்ச் சுறா. ஏறக்குறைய 5 மீட்டர் வளரும் அந்த இனம் 1976 வரை அறிவியலுக்குத் தெரியாமலே இருந்தது. அது உண்மைதான். ஆனால் பெருவாய்ச் சுறா நீரில் மிதக்கும் சிற்றுயிர்களை வடிகட்டித் தின்னும் சாதுவான மீன், அதன் பல் மிகச் சிறியது. மெகலோடானோ திமிங்கலம் தின்றது. அதன் இரை மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டிய உயிர். இரை மேலே இருக்க, அது கீழே என்ன செய்யும்? ஆழத்தில் வாழும் சுறா எப்படி இருக்கும் என்பது நம் தூத்தூர்க் கடப்புறத்துக்காரர்களுக்குத் தெரியும். ஈரல் எண்ணெய்க்காக அவர்கள் பிடித்து வரும் முள் சுறாக்களைப் பாருங்கள்: பச்சையாக மின்னும் பெரிய கண், தளர்ந்த சதை, பெருத்த ஈரல், மெதுவான வாழ்க்கை. ஆழத்தில் தீனி குறைவு. பல டன் எடையுள்ள வேட்டை மீனுக்கு அங்கே சோறு இல்லை.

உங்கள் அப்பா சொன்னதை நான் தள்ளவில்லை. அவர் பார்த்தது பெரும்பாலும் திமிங்கலச் சுறாவாக இருக்கும். அம்மணி உழுவை என்றும் நம் கரைகளில் சொல்வார்கள். இன்று உலகில் உள்ள மீன்களிலெல்லாம் பெரியது அதுதான். நம்பத்தக்க பதிவுகளில் மிகப் பெரியது ஏறக்குறைய 18.8 மீட்டர், அதாவது 60 அடிக்கும் மேல். பொதுவாகக் கண்ணில் படுபவை இதைவிட மிகச் சிறியவை. ஆனாலும் 40 அடிப் படகின் நீளத்துக்கு ஒன்று பக்கத்தில் மிதந்து போனது என்றால் நம்புவதற்குத் தடை ஒன்றும் இல்லை. அவரிடம் இரண்டு விஷயம் கேட்டுப் பாருங்கள். முதுகில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருந்தனவா? வாய் மூக்குக்கு அடியில் இல்லாமல் முகத்தின் முன்விளிம்பிலேயே அகலமாக இருந்ததா? இரண்டுக்கும் ஆம் என்றால் வேறு யோசனையே வேண்டாம். 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வலையில் பட்டால் வலையை அறுத்தாவது விட்டுவிட வேண்டும்.

இனி அளவு. இங்கேதான் நிதானம் வேண்டும். சுறாவுக்கு எலும்பு கிடையாது. தலை, தாடை, முதுகுத்தண்டு எல்லாமே குருத்தெலும்புதான். செத்து அடியில் விழுந்ததும் அது கரைந்து போகும். மிஞ்சுவது பல். அதன் மேல்பூச்சு மிகக் கடினமானது என்பதால் கோடி ஆண்டுகள் ஆனாலும் கிடக்கும். முதுகுத்தண்டின் வட்டுகளில் சுண்ணாம்புச் சத்து ஏறியிருப்பதால் அபூர்வமாக அவையும் மிஞ்சும். மெகலோடானைப் பற்றி உலகத்தின் கையில் இருப்பது எண்ணற்ற பற்கள், சில இடங்களில் கிடைத்த முதுகு வட்டுகள், கொஞ்சம் தோல் செதிள்கள், அது கடித்த திமிங்கல எலும்புகள், அவ்வளவே. முழு உடல் ஒன்றுகூட இல்லை. தாடை இல்லை, துடுப்பு இல்லை, வால் இல்லை. காட்சியகங்களில் நீங்கள் பார்க்கும் பிரம்மாண்டத் தாடை பிளாஸ்டரிலோ ஃபைபரிலோ செய்து பல்லைப் பதித்தது. நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1909இல் அப்படிச் செய்த ஒரு தாடையால்தான் 100 அடிச் சுறா என்ற பேச்சே பரவியது. முன்வரிசைக்குரிய பெரிய பற்களின் அளவிலேயே ஓரத்துப் பற்களையும் வைத்துவிட்டார்கள். அதனால் தாடை இருக்க வேண்டியதைவிட மிகவும் அகன்றுவிட்டது.

பல்லை மட்டும் பல்லோடு ஒப்பிட்டால் சண்டையே இல்லை. மெகலோடானின் பெரிய பற்கள் சாய்வாக அளந்தால் 16 முதல் 18 சென்டிமீட்டர் வரை வரும், பெரிய ஆளின் கை மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை இருப்பதைப் போல. இன்றைய பெரிய வெள்ளைச் சுறாவின் பல் 7 சென்டிமீட்டரைத் தாண்டுவதே கடினம். நம் கரைக்கு வரும் புலிச் சுறாவின் பல் இன்னும் சிறியது, சேவல் கொண்டை மாதிரி வளைந்து, பக்கத்தில் ஒரு வெட்டு விழுந்திருக்கும். மெகலோடான் பல் அப்படி வளையாது. தடித்த முக்கோணம், இரு விளிம்பிலும் நெருக்கமான ரம்பம், மேலே அகன்ற வேர், வேருக்கும் பல்லுக்கும் நடுவே கருமையான ஒரு பட்டை. இது அத்தனையும் கையில் வைத்துப் பார்க்கக்கூடியது என்பதால் உறுதியாகச் சொல்லலாம்.

பல்லிலிருந்து உடம்புக்குத் தாவும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பல் இவ்வளவு என்றால் மீன் எவ்வளவு என்று சொல்ல, உயிரோடு இருக்கும் ஒரு சுறாவை அச்சாக எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தச் சுறாவை எடுப்பது? நூறு வருடமாகப் பலரும் எடுத்தது பெரிய வெள்ளைச் சுறாவை. பல் ஒத்திருக்கிறது, இரண்டும் கடல்பாலூட்டிகளைத் தின்பவை என்பது காரணம். துறைமுகத்தில் சுறா அளந்த யாருக்கும் இதில் உள்ள ஆபத்து உடனே புரியும். ஒரே நீளம் என்று நாம் எழுதிக்கொள்ளும் இரண்டு சுறாக்கள் தராசில் வைத்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும். நீளவால் சுறாவில் பாதி நீளம் வால்தான். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 3 மீட்டர் அளந்தால், உடம்பு என்று சொல்ல ஒன்றரை மீட்டர்தான் தேறும். அதனால்தான் மொத்த நீளம், வால் கவை வரை நீளம், வாலடி வரை நீளம் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். சுத்தியல் போன்ற தலை கொண்ட கொம்பன் சுறாவுக்குத் தலையின் அகலமே தனிக் கணக்கு. பல்லிலும் அப்படித்தான். ஒரே தாடையில் நடுவில் உள்ள பல்லும் மூலையில் உள்ள பல்லும் அளவில் பாதிக்குப் பாதி மாறும். தனியாகக் கிடைத்த ஒரு பல், தாடையில் எந்த இடத்துப் பல் என்று தவறாக எண்ணிவிட்டால், மீனின் நீளம் பல மீட்டர் கூடவோ குறையவோ செய்யும்.

அச்சு மாறினால் அளவு எப்படி மாறுகிறது என்பதற்கு நான் படித்தவற்றில் நல்ல உதாரணம் பெல்ஜியத்து முதுகுத்தண்டு. ஆன்ட்வெர்ப் பக்கம் 19ஆம் நூற்றாண்டில் கிடைத்த சுமார் 140 வட்டுகள் இப்போது பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதில் பெரிய வட்டின் குறுக்களவு 15.5 சென்டிமீட்டர். வெள்ளைச் சுறாவின் வட்டுக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதத்தை வைத்து, இந்த மீன் 9.2 மீட்டர் நீளம் என்று 1996இல் கணக்கிட்டார்கள். பிறகு கிடைத்த வட்டுகளை வரிசையாக வைத்துக் கூட்டிப் பார்த்தால், முதுகுத்தண்டு மட்டுமே ஏறத்தாழ 11 மீட்டர் வருகிறது. தலையும் வாலும் அதற்குமேல். மீனைவிட முதுகு நீளம் என்பது நடக்காத காரியம் அல்லவா? அப்படியானால் இது வெள்ளைச் சுறாவைப் போலக் குட்டையாகத் திரண்ட உடம்பு இல்லை, அதைவிட ஒடுங்கி நீண்ட உடம்பு என்று 2024இல் ஒரு குழு வாதிட்டது. அதன் தொடர்ச்சியாக 2025இல் வந்த ஆய்வு பலவகைச் சுறாக்களின் தலை, உடல், வால் விகிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்து, பெல்ஜியத்து மீன் சுமார் 16.4 மீட்டர் என்றது. டென்மார்க்கில் கிடைத்த 23 சென்டிமீட்டர் வட்டுக்கு அதே விகிதத்தை வைத்தால் 24.3 மீட்டர் வருகிறது, எடை 94 டன் ஆகலாம் என்றது. நீங்கள் பார்த்த 80 அடி இங்கிருந்து வந்ததுதான். 50 அடி என்பது வெள்ளைச் சுறாவையும் அதன் உறவுகளையும் அச்சாக வைத்த பழைய கணக்கிலிருந்து வந்தது. பல்லின் அகலத்தை வைத்து 2021இல் வந்த இன்னொரு கணக்கு 20 மீட்டர் வரை போகிறது.

என் தராசில் இவை இப்படி நிற்கின்றன. வளர்ந்த பெரிய மெகலோடான் 15 மீட்டரைத் தாண்டியது என்பது ஏறக்குறைய உறுதி. 20 மீட்டர் வரை போயிருக்கலாம் என்பது நியாயமான ஊகம். 24 மீட்டர் என்பது ஒரே இடத்தில் கிடைத்த வட்டுகளைக் கொண்டு, அந்த மீனும் அதே விகிதத்தில்தான் இருந்தது என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு. தவறு என்று தள்ள மாட்டேன், அதை வைத்து அடித்துப் பேசவும் மாட்டேன். உடல் ஒடுங்கியதா திரண்டதா என்பது ஒரு தலையோ வாலோ கிடைக்கும்வரை முடியாத வழக்கு. எடையைப் பொறுத்தவரை யார் எந்த எண் சொன்னாலும் பாதி நம்புங்கள். நீளத்தில் வரும் சின்னப் பிசகு எடையில் மும்மடங்காகப் பெருகும்.

இதோடு இன்றைய சுறாக்களை வைத்துப் பார்ப்போம். பெரிய வெள்ளைச் சுறா 6 மீட்டர், சுமார் 2 டன். புலிச் சுறா பெரிதாக வளர்ந்தால் 5 மீட்டருக்குச் சற்று மேல். கொம்பன் சுறாக்களில் பெரிய இனம் 6 மீட்டர் அளவுக்கு வரும். குளிர்ந்த, மிதவெப்பக் கடல்களில் வாழும் பாஸ்கிங் சுறா 12 மீட்டர் வரை, ஆனால் அதுவும் திமிங்கலச் சுறாவும் வடிகட்டித் தின்பவை. ஆகவே வெறும் நீளத்தில் மெகலோடானுக்கு இன்றும் ஈடு இருக்கிறது, திமிங்கலச் சுறா கிட்டத்தட்ட சமம். ஈடே இல்லாதது வேட்டையாடும் சுறாக்களில்தான். அந்தக் கூட்டத்தில் இன்றைய பெரிய மீனைவிட அது குறைந்தது இரண்டரை மடங்கு நீளம். கடியின் வலுவையும் கணக்கிட்டிருக்கிறார்கள். வெள்ளைச் சுறாவுக்கு அதிகபட்சம் 1.8 டன் எடைக்குச் சமம், மெகலோடானுக்கு 10.8 முதல் 18.2 டன் என்று 2008இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. இது அளந்தது அல்ல. வெள்ளைச் சுறாவின் தலையை ஸ்கேன் செய்து கணினியில் மாதிரி உருவாக்கி, அதை உடல் எடைக்கு ஏற்பப் பெருக்கியது. எடையே சந்தேகத்தில் இருக்கும்போது இந்த எண்ணும் அதோடு சேர்ந்து ஆடும்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி அதன் உடம்புச் சூட்டைப் பற்றியது. சூரை மீனைப் பிடித்தவுடன் வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்சதை சுடும். அதனால்தான் உடனே ஐஸில் போடாவிட்டால் சதை கெட்டுப்போகிறது. நீந்தும் தசையில் உண்டாகும் சூட்டை வீணாக்காமல் உடம்புக்குள்ளேயே திருப்பி வைத்துக்கொள்ளும் இரத்தக்குழாய் அமைப்பு அதற்கு உண்டு. வெள்ளைச் சுறாவுக்கும் மாக்கோ சுறாவுக்கும் அதே ஏற்பாடு இருக்கிறது. மெகலோடானின் பல் பூச்சில் உள்ள கார்பன், ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்திருக்கும் விதத்தை வைத்து 2023இல் அதன் உடல் வெப்பம் சராசரியாக 27 டிகிரி, சுற்றியிருந்த தண்ணீரைவிடச் சுமார் 7 டிகிரி அதிகம் என்று கண்டார்கள். பல் உருவானபோது இருந்த சூடு அதிலேயே பதிவாகியிருக்கிறது. சூடான உடம்பு என்றால் எப்போதும் விரைந்து நீந்தும் மீன் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஜப்பானில் கிடைத்த தோல் செதிள்களில், மாக்கோ போன்ற வேக மீன்களின் செதிளில் காணும் நெருக்கமான வரிக்கோடுகள் இல்லை. அதனால் அது சாதாரணமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்து, இரையைப் பிடிக்கும்போது மட்டும் பாய்ந்திருக்கும் என்கிறார்கள். அந்தச் சூடு செரிமானத்துக்கு உதவியிருக்கலாம் என்பதும் அவர்கள் ஊகம். செதிளை மட்டும் வைத்து வேகத்தைச் சொல்வது எனக்கு முழுத் திருப்தி தரவில்லை.

குட்டி போடுவதைப் பற்றிச் சொன்னால் நம் கடப்புற மக்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். நீளவால் சுறாவின் வயிற்றைக் கிழித்தால் பொதுவாக இரண்டு குட்டிகள் இருக்கும், ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்று. குட்டியின் வயிறு மஞ்சள் கருவால் புடைத்திருக்கும். தாய் தொடர்ந்து விடும் முட்டைகளை உள்ளேயே தின்று வளர்வதால் அப்படி. வெள்ளைச் சுறா, மாக்கோ, நீளவால் எல்லாம் ஒரே பெருங்குடும்ப வரிசை. மெகலோடானும் அதே வரிசை. எனவே அதன் குட்டிகளும் கருப்பையிலேயே முட்டை தின்று பெருத்துத்தான் வெளியே வந்திருக்கும். பெல்ஜியத்து வட்டில் மர வளையம்போல் தெரியும் வளர்ச்சிக் கோடுகளை எண்ணி, அந்த மீன் செத்தபோது வயது 46 என்றும், பிறந்தபோதே 2 மீட்டர் இருந்தது என்றும் 2021இல் சொன்னார்கள். 2025இன் புதிய அச்சின்படி பிறப்பளவு 3.6 மீட்டருக்கும் மேல். அதாவது நாம் ஏலத்தில் பார்க்கும் பல சுறாக்கள் முழு வளர்ச்சியில் எட்டாத நீளத்தை அது பிறக்கும்போதே எட்டியிருந்தது. இவ்வளவு பெரிய குட்டி என்றால் எண்ணிக்கை குறைவாகத்தான் இருந்திருக்கும். குறைவாகப் பெறும், மெதுவாக வளரும் சுறா இனம் ஒருமுறை சரிந்தால் எழுவது கடினம். நம் நீளவால் சுறாவும் ஆழ்கடல் முள் சுறாவும் இன்று அந்த நிலையில்தான் இருக்கின்றன. நான் வேலையில் சேர்ந்தபோது கரையில் சாதாரணமாகக் கிடந்த அளவுகளை இப்போது பார்க்க முடிவதில்லை என்பது எனக்கு உண்மையான கவலை.

பெரிய வெள்ளைச் சுறா மெகலோடானின் வாரிசு என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அது பழைய கருத்து. 19ஆம் நூற்றாண்டில் இதற்குப் பெயர் வைத்த லூயி அகாசி, பல்லின் ரம்பத்தைப் பார்த்து இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்தார். பிறகு பெருவில் கிடைத்த படிவங்கள் வேறு கதையைச் சொல்லின. அகன்ற, ரம்பமில்லாத பல் கொண்ட ஒரு பழைய சுறாவிலிருந்து, அரைகுறை ரம்பம் கொண்ட இடைப்பட்ட இனம் வழியாக, இன்றைய வெள்ளைச் சுறா வந்திருக்கிறது. மெகலோடானோ ஒட்டோடஸ் என்ற வேறு பேரினம், அதன் குடும்பமே தனி. அதன் முன்னோர் பற்களில் இரு பக்கமும் சிறு துணைக்கூர்கள் இருந்து, காலப்போக்கில் மறைந்தன. திமிங்கலக் கொழுப்பை அறுக்க ரம்பம் வசதி என்பதால் இரண்டு குடும்பமும் தனித்தனியே அதற்கு வந்து சேர்ந்தன. மெகலோடான் குடும்பத்தில் இன்று யாரும் மிச்சமில்லை. வெள்ளைச் சுறா அதன் பிள்ளை அல்ல. கடைசிக் காலத்தில் அதோடு இரைக்குப் போட்டியிட்ட அயலான். பற்களில் உள்ள துத்தநாக அளவீடுகள், ஒரே கடலில் வாழ்ந்த இரண்டும் ஒத்த படிநிலையில் இரை தின்றன என்று காட்டுகின்றன.

மெகலோடான் திமிங்கலத்தைத் தின்றது என்பது நிச்சயம். பல் உரசிய கோடுகளோடு எலும்புகள் கிடைத்திருக்கின்றன. பெருவில் கிடைத்தவை சிறு திமிங்கலங்களின் எலும்புகள். உயிரோடு வேட்டையாடியதா, செத்து மிதந்ததைத் தின்றதா என்பதை ஒரு கீறலை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டும் நடந்திருக்கும், இன்றைய வெள்ளைச் சுறாவும் புலிச் சுறாவும் இரண்டையும் செய்கின்றன. ஏன் அழிந்தது என்பதற்கும் ஒற்றைக் காரணம் இல்லை. கடல் குளிர்ந்தது, கரையோர ஆழமற்ற நீர் குறைந்தது, சிறு திமிங்கல இனங்கள் மறைந்தன, வெள்ளைச் சுறா பரவியது. இவை எல்லாம் ஏறக்குறைய அடுத்தடுத்து நடந்தன. இதில் எது முதல் அடி என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. குட்டிகளைக் கரையோரத்தில் வளர்த்தது என்பதற்குப் பனாமாவில் சிறு பற்கள் கூட்டமாகக் கிடைத்த இடம் ஆதாரம். அப்படியானால் கரையோரம் சுருங்கியது பெரிய அடியாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். இது என் எண்ணம்தான்.

கேள்விக்குக் கீழே வேறொருவர், கன்னியாகுமரியில் மெகலோடான் பல் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். நம் மாவட்டத்து மலையும் பாறையும் பெரும்பாலும் சார்னோக்கைட், கொண்டலைட், நைஸ். பூமிக்கடியில் பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து 50 கோடி ஆண்டுகளுக்கும் முன் இறுகியவை. உலகில் சுறாக்கள் தோன்றியதே அதற்குப் பிறகு. மணவாளக்குறிச்சிக் கருமணலும் அந்தப் பாறைகள் தேய்ந்து வந்ததுதான், அதில் பல்லைத் தேடிப் பயனில்லை. தமிழ்நாட்டில் சுறாப் பல் கிடைக்கும் பெயர்பெற்ற இடம் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை. ஆனால் அது ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகள் பழைய கடலடி. அங்கே கிடைப்பவை மெகலோடானுக்கு மிக முந்திய இனங்கள், சிப்பி நொறுக்கும் தட்டைப் பல் கொண்ட சுறாவும் அதில் உண்டு. இந்தியாவில் மெகலோடான் பல் கிடைத்திருப்பது ஒடிசாவின் பாரிபடா, குஜராத்தின் கட்ச் போன்ற இடங்களில், மெகலோடான் வாழ்ந்த மயோசீன் என்ற காலத்துப் படிவுகளில். நமக்குப் பக்கத்தில் அந்தக் காலத்துக் கடலடியைப் பார்க்க வேண்டுமானால் கொல்லம் அருகே அஷ்டமுடிக் காயல் ஓரத்துப் படப்பக்கரைக்குப் போகலாம். அங்கே சுண்ணாம்புக்கல்லில் சங்கும் சிப்பியும் பவளமும் கண்ணுக்குத் தெரியும். அங்கே மெகலோடான் பல் கிடைக்கும் என்று நான் உறுதி தரவில்லை. எங்காவது ஒரு பல்லைக் கண்டால் உடனே பெயர்த்து எடுக்க வேண்டாம். எந்தப் படிவு, தரையிலிருந்து எவ்வளவு உயரம், பக்கத்தில் என்ன சிப்பி என்று அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் (ஜியாலஜி) துறைக்குத் தெரிவியுங்கள். படிவிலிருந்து பிரித்துவிட்ட பல்லுக்கு வயது சொல்வது பெரும்பாடு.